அப்பாவும் சித்தப்பாவும் பேசிக்கொள்ளும் படம்

அண்ணா அனுப்பிய காமிரா எங்கள் கைக்கு வந்தபோது எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அறுபதுகளின் நடுப்பகுதி. கைலாசபுரத்தில் ஆலை கொடுத்த குவார்ட்டர்ஸ். என் கணவருக்கு அந்த ஆலையின் டிராயிங் ஆபீஸில் வேலை. இயந்திரத்தின் ஒவ்வொரு பாகத்தையும் மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கவாட்டில் பார்த்தால் எப்படி என்று நாள் முழுக்க வரைந்துவிட்டு, விரலில் பென்சில் கரியோடு வீட்டுக்கு வருவார்.

அமெரிக்காவில் படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்துவிட்ட என் அண்ணா, ஊருக்கு வந்த நண்பர் ஒருவரிடம் அந்தக் காமிராவைக் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளங்கையில் அடங்கும் சின்ன சினிமா காமிரா. சாவி கொடுத்தால் அரை நிமிஷம் ஓடும், பிறகு மறுபடி சாவி கொடுக்க வேண்டும். படம் மட்டும்தான், சத்தம் கிடையாது. கூடவே நாலு ரோல் ஃபிலிமும் ஒரு கடிதமும் இருந்தன.

"கோபுரம் வேண்டாம், காவேரி வேண்டாம். அதெல்லாம் படமாக என்னிடமே இருக்கிறது. காலையில் காபி குடித்துக்கொண்டு அப்பா ஊஞ்சலிலும் சித்தப்பா எதிர்த் தூணில் சாய்ந்துகொண்டும் பேசிக்கொண்டிருப்பார்களே, அதை எடுத்து அனுப்பு. பேச்சு கேட்காது என்று தெரியும். வாயசைவதைப் பார்த்தாலே எனக்குப் போதும்" என்று எழுதியிருந்தான்.

கடிதத்தை மடித்துக் கட்டிலில் வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அண்ணாவுக்கு அது தெரியாது.

காரணம் என் கல்யாணம்தான். சித்தப்பா ஸ்ரீரங்கத்தில் ஹைஸ்கூல் கணக்கு வாத்தியார். கூட வேலை பார்த்த ஒருவர் தம் பிள்ளைக்கு என்னைக் கேட்க, "எங்காத்துப் பொண்ணுதானே, முடிஞ்ச மாதிரிதான்" என்று சித்தப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். அதே வாரம், மன்னார்குடியில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்த அப்பா, அங்கே என் கணவர் வீட்டாரைப் பார்த்துப் பேசி, தட்டு மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். ஒருவரையொருவர் கேட்கவில்லை. யார் யாரை முதலில் கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் சண்டை. என்னையும் யாரும் கேட்கவில்லை என்பது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

"என் வார்த்தைக்கு இந்த ஆத்துல இவ்வளவுதான் மதிப்பு" என்றார் சித்தப்பா.

"என்னைக் கேக்காம வார்த்தை கொடுக்க நீ யாரு" என்றார் அப்பா.

அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது அதுதான். கல்யாணத்தில் சித்தப்பா பந்தி விசாரித்தார், சமையல்காரர்களை மேய்த்தார், சம்பந்தி வீட்டாருக்கு ஜமுக்காளம் விரித்தார். அப்பா நின்ற பக்கம் மட்டும் வரவில்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம் அவரும் சித்தியும் அதே வீட்டின் பின்கட்டுக்குப் போய்த் தனி அடுப்பு மூட்டினார்கள். போக வர கொல்லைக் கதவு. அவர்களுக்குக் குழந்தைகள் கிடையாது. அண்ணாவையும் என்னையும் தோளில் போட்டு வளர்த்தவர்கள் அவர்கள்தான்.

அண்ணாவுக்கு இதையெல்லாம் யார் எழுதுவது? அப்பா நீல ஏரோகிராமில் எழுதி, கடைசி மடிப்பை மட்டும் வெறுமையாக விட்டு அம்மாவிடம் நீட்டுவார். அம்மா அதைப் பின்கட்டுக்கு எடுத்துப் போவாள். சித்தப்பா அந்த இடத்தில் நாலு வரி எழுதித் திருப்பிக் கொடுப்பார். கடல் தாண்டிப் படிக்கிறவனுக்கு, இரண்டு பேரும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுதின மாதிரிதான் இருக்கும்.

"தனித்தனியா எடுத்து ஒட்டிட வேண்டியதுதான்" என்றார் என் கணவர்.

"பேசாதவாளைப் பேசறா மாதிரி காட்டறது தப்பில்லையா?"

"தப்புன்னா, உங்கண்ணாவுக்கு என்ன பதில் எழுதப்போறே? அதைச் சொல்லு முதல்ல."

நான் கடிதத்தை மறுபடி பிரித்தேன்.

ஒரு ரோலை அவர் பழகுவதற்காகச் செலவழித்தார். அதில் முழுக்க நான் கொடியில் துணி உலர்த்துகிறேன். பிறகு புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காமிராவைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் பஸ் ஏறினோம்.

அப்பா உடனே சம்மதித்தார். கடிதத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தவர், "சவரம் பண்ணிண்டு வந்துடறேன்" என்று எழுந்துவிட்டார். சித்தப்பாவைக் கேட்கப் பின்கட்டுக்கு நான் போனேன். என் கணவரும் பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். சித்தப்பா பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடிதத்தை வாங்கிப் படித்தார்.

"தூண்ல சாஞ்சுண்டுன்னு எழுதியிருக்கான் பாரு" என்றார். கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். பிறகு, "உங்கப்பா கோவிலுக்குப் போனப்புறம் வரேன். உங்காத்துக்காரர்கிட்ட சொல்லிடு" என்றார்.

உங்காத்துக்காரர் மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். இரண்டு வருஷமாக அவரிடம் சித்தப்பா ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"சரின்னு சொல்லு" என்றார் என் கணவர், என்னிடம்.

முதலில் அப்பா. கூடத்தில் ஊஞ்சல் தெரு வாசலைப் பார்த்திருக்கும். எதிரே இருபதடியில் அந்தத் தூண். ஒரு பக்கம் முற்றம், மறு பக்கம் சமையலறைச் சுவர். வெளிச்சத்துக்காக என் கணவர் முற்றத்து ஓரத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் காமிராவை வைத்தார். அப்பா கையில் காபி டம்ளர், மறு கையில் விசிறி. புழுக்கம் தாங்கவில்லை. காமிரா ஓட ஆரம்பித்ததும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு காமிராவையே பார்த்தார்.

"என்னைப் பாக்காதேங்கோ. அவளைப் பாத்துப் பேசுங்கோ" என்று என்னைத் தூணடியில் உட்காரவைத்தார் என் கணவர்.

"என்னத்தைப் பேசறது?"

"வழக்கமா காலம்பற என்ன பேசுவேளோ, அது."

அப்பா ஊஞ்சலை லேசாக ஆட்டிக்கொண்டே விசிறியை இரண்டு தடவை வீசிக்கொண்டார். "கொள்ளிடத்துல இந்த வருஷம் தண்ணி நன்னா வந்திருக்கு" என்று ஆரம்பித்தார். கரையில் எதுவரை ஏறியிருக்கிறது, எந்தப் படித்துறை முழுகியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அவர் கண் என் தலைக்கு அரையடி மேலே நின்றது. சித்தப்பா என்னைவிட உயரம். நான் அசையாமல் உட்கார்ந்து கேட்டேன்.

ஒன்பது மணிக்கு அப்பா கோவிலுக்குக் கிளம்பினார். கதவுச் சத்தம் அடங்கியதும் சித்தப்பா பின்கட்டிலிருந்து வந்து, கூடத்தைப் புதிதாகப் பார்ப்பவர்போல ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டுத் தூணடியில் உட்கார்ந்தார். இப்போது நான் ஊஞ்சலில். என் கணவர் அதே முற்றத்து ஓரத்திலிருந்து காமிராவைத் திருப்பினார்.

"அவர்கிட்ட சொல்லு. இந்தப் பக்கத்துலேர்ந்து வேண்டாம். தழும்பு தெரியும்" என்றார் சித்தப்பா.

அவருடைய இடது கன்னத்தில் கண்ணுக்குக் கீழே புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு உண்டு. என் கணவர் மறுபேச்சில்லாமல் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய், அங்கிருந்து வலது கன்னம் தெரியும்படி எடுத்து முடித்தார். சித்தப்பா என்னிடம் பள்ளிக்கூடத்துப் பையன்கள் கணக்கில் அடிக்கும் கூத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ரோலும் பம்பாய்க்குத் தபாலில் போயின. அங்கேதான் கழுவித் தருவார்கள்.

கார்த்திகை பிறந்துதான் திரும்பி வந்தன. ஃபாரின் டிரெயினிங் போய்வந்த பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர் ஒருவரிடம் புரொஜெக்டர் இருந்தது. அப்போது பொரி உருண்டையோடு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே, கதவு நிலையில் ஒரு வேஷ்டியை இழுத்துக் கட்டினோம். ஃபிலிமை வெட்டி, அப்பா கொஞ்சம், சித்தப்பா கொஞ்சம் என்று மாற்றி மாற்றி ஒட்டிவைத்திருந்தார் என் கணவர். எனக்குக்கூட முன்னால் காட்டவில்லை.

திரையில் அப்பா வந்தார். விசிறிக்கொண்டு, வலது பக்கம் பார்த்துப் பேசினார். சித்தப்பா வந்தார். அவரும் வலது பக்கம் பார்த்துப் பேசினார். மறுபடி அப்பா, வலது பக்கம். மறுபடி சித்தப்பா, வலது பக்கம்.

"ரெண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்துண்டு நிக்கறா மாதிரின்னா இருக்கு" என்றாள் அம்மா. "ஒருத்தரை ஒருத்தர் பாக்கவே இல்லையே." கொஞ்சம் கழித்து, "நெஜத்துலயும் அப்படித்தானே இருக்கா" என்றாள்.

என் கணவர் புரொஜெக்டரை நிறுத்திவிட்டு அதன் சூடான மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் பக்கத்தில் இருந்துதானே எல்லாம் எடுத்தார், எனக்கும் தோன்றவில்லையே என்று சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை. திடீரென்று, "ரெண்டு பேரும் சமையல் உள்ளுக்குப் போங்கோ. வேஷ்டிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பாருங்கோ. சித்தப்பா துண்டை மட்டும் திருப்பி ஒட்டினா எப்படி இருக்கும்னு தெரியணும்" என்றார்.

நானும் அம்மாவும் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்று, வேஷ்டியின் மறுபுறத்தைப் பார்த்தோம். சித்தப்பா தெரிந்தார். கண்ணாடியில் தெரிவதுபோல எல்லாம் இடம் வலமாக மாறி, இப்போது அவர் இடது பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"திசை சரியாயிடுத்தா?" என்று குரல் வந்தது.

"திசை சரியாயிடுத்து" என்றாள் அம்மா. "பூணூல்தான் வலது தோள்ல இருக்கு. தர்ப்பணம் பண்றவா மாதிரி. பிள்ளைக்கு இதையா அனுப்பறது?"

புரொஜெக்டர் நின்றது. முதலில் சிரித்தது என் கணவர்தான்.

அன்று ராத்திரியே ஒரு காகிதத்தை விரித்து எங்கள் ஸ்ரீரங்கத்துக் கூடத்தை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்தார். ஊஞ்சலுக்கு ஒரு கட்டம், தூணுக்கு ஒரு வட்டம், இரண்டையும் சேர்த்து ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் முற்றம், அந்தப் பக்கம் சமையலறை.

"பேசறவா ரெண்டு பேருக்கும் நடுவுல இந்தக் கோடு இருக்கு. நாம எங்க வேணா நிக்கலாம், கோட்டைத் தாண்டக் கூடாது. அப்பாவை முற்றத்துலேர்ந்து எடுத்தேன். வலது கன்னம் தெரிஞ்சுது. சித்தப்பாவையும் முற்றத்துலேர்ந்தே எடுத்திருந்தா அவருக்கு இடது கன்னம் தெரியும். எதிரும் புதிருமா உக்காந்திருக்கறது புரியும். நான் தாண்டிப் போயிட்டேன். ரெண்டு பேருக்கும் வலது கன்னத்தையே எடுத்துட்டேன்."

"அவர் தழும்பு தெரியக் கூடாதுன்னார். அதனாலதானே?"

"அதனாலதான்" என்றார். "எனக்கும் அவர் சொன்னதைக் கேக்கணும்னு இருந்தது."

அப்பா சரியாக வந்திருந்தார். சித்தப்பாவை மட்டும் மறுபடி எடுத்தால் போதும். மிச்சம் இருந்தது ஒரே ஒரு ரோல். ஆனால் அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. புரட்டாசிப் புழுக்கத்தில் விசிறிக்கொள்ளும் அப்பாவோடு பேசுகிறவர் மார்கழிப் பனியில் நடுங்கிக்கொண்டு இருக்கக் கூடாதே. நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்துக்கொண்டேன். சால்வை கூடாது. திருமண் காலையில் இட்டது, கலையாமல் இருக்க வேண்டும். காபி டம்ளர், அப்பா வைத்திருந்த அதே மாதிரி விளிம்பு மடங்கிய பித்தளை டம்ளர். வெயில் தூணின் அடிக்கட்டுக்கு வந்த பிறகு எடுக்க வேண்டும். என் கணவர் அதைப் படித்துவிட்டு, எங்கள் டிராயிங் ஆபீஸில்கூட இப்படி ஒருத்தர் இல்லை என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் நாலு வரி சேர்த்தேன்.

நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை, ஏகாதசி உற்சவத்துக்காக ஸ்ரீரங்கத்தில் எங்கு பார்த்தாலும் கூட்டம். அப்பா விடியற்காலையிலேயே சேவிக்கப் போய்விட்டார், வர எப்படியும் பதினொரு மணி ஆகும் என்றாள் அம்மா. சித்தப்பா வந்தார், கழுத்தைச் சுற்றிச் சால்வையோடு. பின்னாலேயே சித்தி.

"சால்வையை எடுக்கணும் சித்தப்பா."

"காலங்கார்த்தால உடம்பைத் திறந்து போட்டுண்டு உக்காந்தா ராத்திரி பூரா இருமுவார். நீ வந்து முழிச்சுண்டு இருக்கியா?" என்றாள் சித்தி.

"அரை மணிதான் சித்தி."

சித்தப்பா சால்வையைக் கழற்றி மடித்துச் சித்தியிடம் கொடுத்தார். அம்மா முன்கட்டிலிருந்து காபியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் டம்ளரைக் கையில் எடுத்து விளிம்பை விரலால் தடவினார். "இந்த டம்ளரா" என்றார். இரண்டு வருஷமாக அவர் முன்கட்டுக் காபியைத் தொட்டதில்லை. படத்துக்குக் குடிப்பதுபோல் பாவனை செய்தால் போதும் என்று நான் சொல்வதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டார்.

தழும்புதான் பாக்கி. முற்றத்துப் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும் என்று நானே சொன்னேன். அவர் முகம் சுருங்கியது.

"பாக்கப்போறது அண்ணாதானே சித்தப்பா. அந்தத் தழும்பைப் பிடிச்சு இழுத்து விளையாடினவன்தானே அவன். அது இல்லேன்னாதான் தேடுவான்."

அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நான் ஊஞ்சலில் உட்கார்ந்தேன். என் கணவர் சாவி கொடுத்துத் தலையசைத்தார்.

"அது எப்படி வந்தது சித்தப்பா? கீழே விழுந்துட்டேள்னுதான் எங்ககிட்ட சொல்லியிருக்கா."

"விழவும் இல்லை ஒண்ணும் இல்லை" என்றார் சித்தப்பா. "கிட்டிப்புள் ஆடறச்சே அண்ணா, உங்கப்பாதான், அடிச்ச புள்ளு வந்து பட்டுது. எனக்கு ஒம்பது வயசு இருக்கும். கொஞ்சம் மேல பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். ரத்தமா கொட்டறது. எனக்கு அழுகையே வரல்லை. அண்ணாதான் அழறார். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சுடுவாரேன்னு."

காமிரா கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. நின்றதும் என் கணவர் சாவி கொடுத்தார். மறுபடி ஓடியது. நிறுத்தாமல் பேசச் சொல்லும்படி எனக்குக் கைகாட்டினார்.

அப்போதுதான் அப்பாவைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால், தெரு வாசலிலிருந்து கூடத்துக்கு வரும் ரேழியில், மேல்வேஷ்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. சித்தப்பாவுக்கு முதுகுப் பக்கம். என் கண் அந்தப் பக்கம் போனால் சித்தப்பாவின் கண்ணும் பின்னாலேயே போகும், திரும்பிப் பார்ப்பார், எழுந்து போய்விடுவார், கடைசி ரோலும் போகும். நான் சித்தப்பாவின் தழும்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் நீர் முட்டியது, இமைக்காததாலோ என்னவோ.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கோவில் மண்டபத்துத் தூண்ல முட்டிண்டுட்டேன்னு அப்பாகிட்ட சொன்னேன். நம்பிட்டார்."

"தூண் இல்லை, அம்பி" என்றார் அப்பா. "வாசப்படின்னு சொன்னே."

சித்தப்பா திரும்பவில்லை. டம்ளர் பாதி வழியில் நின்றது. அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். சித்தி சால்வையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வாசப்படியா?" என்றார் சித்தப்பா, எதிரே என்னைப் பார்த்துக்கொண்டே.

"வாசப்படிதான். அன்னிக்கு சாயங்காலமே அப்பா தச்சனைக் கூட்டிண்டு வந்து வாசப்படி முனையைச் சீவச் சொன்னார், குழந்தை மறுபடி இடிச்சுக்கப் போறான்னு. இன்னும் சீவினபடியேதான் இருக்கு. போய்ப் பாரு."

சித்தப்பாவின் தோள் குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ஒரு பாவமும் பண்ணாத வாசப்படி" என்றார்.

நான் ஊஞ்சலிலிருந்து இறங்கினேன். அப்பா வந்து உட்கார்ந்தார். கூட்டத்தில் நகரவே முடியவில்லை, சேவிக்காமலே திரும்பிவிட்டேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். பிறகு அந்தத் தச்சனைப் பற்றிப் பேசினார்கள். அன்றைக்குக் கூட விளையாடியது யார் யார் என்று பேசினார்கள். ஒரு பெயரில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. என் கல்யாணத்தைப் பற்றியோ வாக்கைப் பற்றியோ இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும்.

இதில் ஒரு அடிகூடப் படமாகவில்லை. சித்தப்பா "நம்பிட்டார்" என்ற இடத்திலேயே ஃபிலிம் தீர்ந்துவிட்டது. என் கணவர் ஓடாத காமிராவைக் கையில் பிடித்துக்கொண்டு, முற்றத்து ஓரத்தில், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு போகும்போது என் கணவரிடம் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, படம் நன்னா வருமா?"

என் கணவர் பழக்கத்தில் என் பக்கம் திரும்பிவிட்டு, பிறகு அவரைப் பார்த்து, "வரும். இந்தத் தடவை வரும்" என்றார்.

வந்தது. கன்னத்தில் தழும்போடு, இடது பக்கம் பார்த்து, சித்தப்பா பேசினார். மாசி மாதம் முழுக்க, சாயங்கால வேளைகளில், நாங்கள் இருவரும் கூடத்தில் பாயை விரித்து, பூதக்கண்ணாடி, கத்தரிக்கோல், நெடியடிக்கும் ஒரு பசை இவற்றோடு உட்கார்ந்தோம். வெட்டுவது ஒட்டுவது அவர் வேலை. எதற்குப் பிறகு எது என்று சொல்வது என் வேலை. அப்பா கொள்ளிடத்தில் தண்ணீர் வந்த கதையைச் சொல்கிறார், சித்தப்பா தலையாட்டுகிறார். அந்தத் தலையாட்டல் எனக்காக, மூன்று மாதம் கழித்து ஆட்டியது. அப்பா எதையோ சொல்லி நிறுத்துகிறார், சித்தப்பா காபியை ஒரு வாய் குடிக்கிறார். சித்தப்பா கிட்டிப்புள் கதையைச் சொல்கிறார், நடுவில் அப்பா விசிறிக்கொண்டு கேட்கிறார். ஒட்டி முடித்துப் போட்டுப் பார்த்தோம். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அனுப்புவதற்கு முன்னால் ஸ்ரீரங்கத்துக் கூடத்தில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினோம். சித்தப்பா பின்கட்டிலிருந்து தன் மணையைத் தானே கொண்டுவந்து போட்டுக்கொண்டார்.

"நான் இவ்வளவு நாழியா பேசறேன்?" என்றார் பாதியில்.

"என்னை எங்க பேச விடறே" என்றார் அப்பா.

மறுநாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பின்கட்டு அடுப்பு கடைசிவரை தனியாகத்தான் எரிந்தது. சில வாரம் சித்தப்பா காலையில் கூடத்துக்கு வருவார், சில வாரம் வர மாட்டார். ஒரு தடவை என்ன மனஸ்தாபமோ, பங்குனி முழுக்க வரவில்லை.

அண்ணாவிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அப்பாவுக்கு. நண்பர்களைக் கூட்டிவைத்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், சித்தப்பா என்ன சொன்னார் என்று அவர்கள் கேட்டபோது நானே கற்பனை செய்து சொன்னேன் என்று எழுதியிருந்தான். மற்றது எனக்கு, கைலாசபுரம் விலாசத்துக்கு.

"படம் நன்றாக இருக்கிறது. உன் ஆத்துக்காரர் கெட்டிக்காரர். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காதே. சித்தப்பா பேச ஆரம்பித்தால் அப்பா காலை ஊன்றி ஊஞ்சலை நிறுத்திவிடுவார். சங்கிலிச் சத்தத்தில் சித்தப்பா பேசுவது கேட்காது என்று. நான் பார்த்த அத்தனை வருஷமும் அப்படித்தான். படத்தில் சித்தப்பா பேசுகிறார், அப்பா ஆடிக்கொண்டே இருக்கிறார். அவர்கள் பேசிக்கொள்வதில்லையா? எத்தனை நாளாக?"

என் கணவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"நீ அந்த ஆத்துலயே பொறந்து வளர்ந்தவ. உனக்கு எப்படி இது தெரியாம போச்சு?"

யோசித்துப் பார்த்தேன். அவர்கள் காபி குடித்துப் பேசும் நேரத்தில் அண்ணா கூடத்துப் பாயில் தூங்கி விழித்துக்கொண்டிருப்பான். நான் அம்மாவோடு சமையலறையில் இருப்பேன். எனக்கு அவர்கள் குரல் தெரியும். அவர்கள் உட்கார்ந்திருப்பதை நான் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கம் போனபோது, அதிர்ஷ்டவசமாக, சித்தப்பா தூணடியில் இருந்தார். நான் சமையலறை வாசலில் நின்று பார்த்தேன். பரீட்சைத் தாளில் ஒரு பையன் எழுதியிருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். அப்பாவின் கால் தரையில் ஊன்றியது.

அன்று மத்தியானம் அண்ணாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன். என் கல்யாணத்தில் ஆரம்பித்து, பூணூல் வலது தோளுக்குப் போனது, வாசப்படியைச் சீவியது, இப்போது எப்போதாவது பேசுகிறார்கள் என்பது வரை. ஏரோகிராமில் அடங்காமல் ஆறு பக்கம் ஓடியது. எல்லாம் எழுதி முடித்துக் கவருக்குள் போடுமுன் என் கணவர் வாங்கி, அடியில் இருந்த இடத்தில் தன் டிராயிங் ஆபீஸ் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். இன்னும் இரண்டு ரோல் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.